தாத்தா கேட்டது பொதுவழி, அரசு கொடுத்தது தனிச் சுடுகாடு

2019 ஆகஸ்ட் மாதம் வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில் எடுக்கப்பட்ட ஒரு கைபேசிக் காணொளி நாடு முழுக்கப் பரவியது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து, மாலை போட்டுப் பாடையில் கிடத்திய ஒரு சடலத்தைக் கயிறு கட்டி இறக்குகிறார்கள். சுமார் 20 அடி. கீழே ஆற்று மணலில் நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்துக் கை நீட்டி வாங்குகிறார்கள். விபத்தில் இறந்துபோன தலித் ஒருவரின் உடல் அது. சுடுகாட்டுக்குப் போகிற வழி சாதி இந்துக்களின் நிலத்தை ஒட்டிப் போகிறது, அதை வேலி போட்டு மறித்துவிட்டார்கள் என்பது காலனி மக்களின் புகார். அன்றைக்கு நடந்தது முதல் முறையும் அல்ல. பாலம் கட்டிய நாளிலிருந்து பிணம் இப்படித்தான் இறங்குகிறது என்று அவர்களே சொன்னார்கள். யாரோ ஒரு பையன் கைபேசியை எடுத்ததால் நமக்குத் தெரிந்தது.

சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. மாவட்ட நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும். என்ன செய்தது தெரியுமா? காலனி மக்களுக்கென்று வேறொரு இடத்தைச் சுடுகாட்டுக்கு ஒதுக்கியது. வேலியைப் பற்றிய பிரச்சினை, இடத்தைப் பற்றிய பிரச்சினையாக மாறிப்போனது. இதைக் கேட்ட நீதிபதிகளே, தனித்தனிச் சுடுகாடு கொடுத்து அரசே சாதியைப் பிரித்து வளர்க்கிறதா என்ற பொருளில் கேள்வி எழுப்பினார்கள்.

நான் ஆம்பூர்க்காரன். இந்த வட்டாரத்தில் ஜூலை 7-ஆம் தேதியும் செப்டம்பர் 18-ஆம் தேதியும் தாத்தா இரட்டைமலை சீனிவாசனின் படத்துக்கு மாலை விழாத காலனிகள் குறைவு. முன்னது பிறந்த நாள், பின்னது 1945-இல் அவர் மறைந்த நாள். மாலை போடுகிற தோழர்களிடம் "தாத்தா என்ன செய்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் சொல்வது லண்டன் கதையைத்தான். வட்டமேசை மாநாட்டுக்குப் போன இடத்தில் மன்னர் கை கொடுக்க வந்தபோது, "நான் தீண்டப்படாதவன்" என்று தள்ளி நின்றார், மன்னர் விடாமல் கை கொடுத்தார் என்று போகும் அந்தக் கதை. புலனத்தில் வருகிற படங்களும் அதைத்தான் சுற்றுகின்றன. நல்ல கதைதான். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. அதில் பெருமை முழுவதும் கை கொடுத்தவருக்குப் போய்விடுகிறது. தாத்தாவுக்கு அங்கே நிற்கிற வேலை மட்டும்தான்.

அவர் செய்த பெரிய வேலை வேறு, அது லண்டனில் நடக்கவும் இல்லை. 1924-ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில், நியமன உறுப்பினராக இருந்த சீனிவாசன் ஒரு தீர்மானத்தை முன்வைத்தார். சாரம் இவ்வளவுதான்: எந்த ஊரிலும் நகரத்திலும், எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் வழியிலும் நடக்கத் தடை இல்லை. பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம், பொதுக் காரியம் நடக்கிற கட்டடம் எதற்குள்ளும், சாதி இந்துக்கள் எந்த அளவுக்கு எப்படிப் போகிறார்களோ அப்படியே ஒடுக்கப்பட்ட வகுப்பாரும் போகலாம். தீர்மானம் நிறைவேறியது. 1925 பிப்ரவரியில் அரசிதழில் வெளியானது. அதே மன்றத்தில் இதே கேள்வியை விடாமல் எழுப்பிய இன்னொருவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். வீரையன். அவர் பெயரை நம் மேடைகளில் கேட்பது அரிது.

"வழியில் நடக்கலாம்" என்று ஒரு சட்டமன்றம் தீர்மானம் போட வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அதே ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கிவிட்டது. அங்கேயும் கேட்டது கோயிலைச் சுற்றி இருந்த தெருவில் நடக்கிற உரிமைதான். பெரியார் போய்ச் சிறையேகினார். வைக்கத்தின் நூற்றாண்டை 2024-இல் இரண்டு மாநில அரசுகளும் கொண்டாடின, நினைவகத்தைப் புதுப்பித்துத் திறந்தன. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் நம் மாகாணத்தில், நம் மன்றத்தில், நம் ஆள் எழுந்து நின்று பேசி வாங்கிய தீர்மானத்துக்கும் அதே ஆண்டு நூறு வயது. அதற்காக அந்த அளவில் ஒரு விழா என் கண்ணில் படவில்லை.

தாத்தாவை "மிதவாதி", "மனுப் போட்டே காலம் தள்ளியவர்" என்று இடதுசாரித் தோழர்கள் சிலர் சொல்வதுண்டு. நம் ஆட்களே சிலர், அடிக்கு அடி கொடுத்தவர்களைத்தான் தலைவர் என்று ஏற்போம் என்கிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரியாததல்ல. ஆனால் அவர் மனுப் போட்ட விதத்தைப் பார்த்தால் மிதம் என்ற சொல் பொருந்துமா என்று தெரியும்.

செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். கோயம்புத்தூரில் படித்தார். அந்தக் கல்லூரியில் சுமார் 400 மாணவர்கள், அதில் ஒரு பத்துப் பேர் நீங்கலாக மற்ற எல்லாரும் பார்ப்பனர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ, ஊர் உறவு இன்னதென்று கேட்டுவிடுவார்களோ என்று யாரோடும் விளையாடப் போகாமல் ஒதுங்கியே இருந்ததாக, 1939-இல் வெளியான 'ஜீவிய சரித்திர சுருக்கம்' நூலில் அவரே எழுதியிருக்கிறார். இன்றைக்குக் கல்லூரி விடுதியில் "உங்க ஊர்ல நீங்க எந்தத் தெரு?" என்று கேட்டதும் பேச்சை மாற்றுகிற தம்பி தங்கைகளுக்கு இந்த இடத்தை நான் படித்துக் காட்டுவேன். ஒளிந்து படித்த அதே பையன்தான், பிறகு 1893 அக்டோபரில் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கி அதற்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தான். நான்கு பக்கம், இரண்டு அணா. எதைச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தாரோ அதையே கொட்டை எழுத்தில் முகப்பில் அச்சடித்து விற்றார். ஏழாண்டு காலம் நடத்தினார்.

இந்தப் பெயர் விஷயத்தில் பண்டிதர் அயோத்திதாசருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. பண்டிதர் சீனிவாசனின் சகோதரியை மணந்தவர், மாமன் மைத்துனன் உறவு. பறையர் என்பது பகைவர் சுமத்திய பெயர், நாம் பூர்வ பௌத்தர் என்பது பண்டிதரின் நிலை. சுமத்தியவன் வாயை இந்தப் பெயரை வைத்தே அடைக்க வேண்டும் என்பது தாத்தாவின் நிலை. ஒரே குடும்பத்துக்குள் இப்படி இரண்டு பாதை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று இன்றைக்குச் சிலர் நம்மைப் பிடித்துக்கொண்டு உலுக்குகிறார்கள். எனக்கு அந்த அவசரம் இல்லை.

அதே 1893 டிசம்பரில் சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார். ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்த நேரம். இங்கே நடத்தினால் எழுதப் போவது யார், ஜெயித்து வந்து நம் தலைமேல் கலெக்டராக உட்காரப் போவது யார் என்பது தாத்தாவின் கேள்வி. அதை எதிர்த்து 112 அடி நீளத்தில் ஒரு மனு. 3,412 பேர் கையெழுத்து. நாடாளுமன்றம் வரைக்கும் போனது.

வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்தார் என்று தேசபக்தர்கள் இதற்காக அவரை இன்னும் மன்னிக்கவில்லை. ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்கள் வாங்கியதும் உண்மை. ஆங்கிலேயன் நியாயம் செய்வான் என்று அவர் அதிகமாகவே நம்பினார் என்பது என் எண்ணம். உள்ளூர் ஆதிக்க சாதியோடு சமரசம் செய்துகொள்வதில் கம்பெனிக்கும் சரி, கிரீடத்துக்கும் சரி, எந்தச் சிரமமும் இருந்ததில்லை. ஆனால் அந்த 3,412 கையெழுத்தை யோசியுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்த ஒரு சமூகத்தில், சேரி சேரியாகப் போய், உட்கார்ந்து, படித்துக் காட்டி, பெயர் வாங்கியிருக்க வேண்டும். ஆண்டை பார்த்தால் என்ன ஆகும் என்ற பயம் இருந்திருக்கும். பயத்தோடு போட்ட கையெழுத்துகள் அவை. மனுவின் சட்டத்துக்கு எதிராக மனு எழுதிய கை அது என்று என் நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார்.

பிறகு தென்னாப்பிரிக்கா, அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலை. 1921-இல் திரும்பினார், 1923-இல் சட்டமன்றம், 1930-இல் அண்ணல் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாடு. ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் அங்கே போனவர்கள் அந்த இருவர்தான். 1932 பூனா ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டிருக்கிறார். இவற்றைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நான் பொதுவழிக்கே திரும்புகிறேன்.

சென்னையில் 1924-இல் நடந்ததைப் போலவே பம்பாய் மாகாணச் சட்டமன்றத்தில் 1923 ஆகஸ்டில் எஸ்.கே. போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசுப் பணத்தில் உருவான குளம், கிணறு, சத்திரம், பள்ளி எல்லாம் தீண்டப்படாதாருக்கும் திறந்தவை என்றது அந்தத் தீர்மானம். காகிதத்தில்தான் திறந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1927 மார்ச் 20-ஆம் தேதி, அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு மகத் நகரத்தின் சவுதார் குளத்துக்கு நடந்து போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அதற்காக அடி வாங்கினார்கள், வழக்கைச் சந்தித்தார்கள். மகத் போராட்டத்தை நாம் எல்லோரும் கொண்டாடுகிறோம். அந்தக் கூட்டத்தின் கையில் ஒரு தீர்மானம் இருந்தது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். "இது எங்கள் சொத்தும்தான், சட்டமன்றமே சொல்லியிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு அவர்கள் நடந்தார்கள். காகிதம் முதலில் வந்தது, கால்கள் பிறகு போயின. அமைதியாகப் போராடுவது என்றால் கெஞ்சுவது என்று நினைப்பவர்கள் இந்த வரிசையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

சென்னை மாகாணத் தீர்மானத்துக்குப் பிறகும் இங்கே கால்கள் போயின. பல ஊர்களில் போயின, பல ஊர்களில் போகவிடவில்லை. 1950-இல் அரசியலமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015 திருத்தத்தில் இன்னும் தெளிவாகவே எழுதிவிட்டார்கள்: சுடுகாடு, இடுகாடு, ஆறு, கிணறு, குளம், பொதுவழி இவற்றைப் பட்டியல் சாதியினர் மற்றவர்களோடு சமமாகப் பயன்படுத்துவதைத் தடுத்தால் குற்றம். படித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட தாத்தா 1924-இல் கேட்ட அதே பட்டியல்தான். 91 ஆண்டுகளில் தண்டனை சேர்ந்திருக்கிறது, பட்டியல் மாறவில்லை. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து நாராயணபுரத்தில் கயிறு இறங்குகிறது.

எங்கள் தோல் வட்டாரத்தில் இதை இன்னும் கூர்மையாகப் பார்க்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீள்கிறது இந்தத் தொழில். விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கும். காலனிப் பெண்ணும் ஊர்ப் பெண்ணும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போவார்கள். கம்பெனிக்குள்ளே ஒருத்தி அப்பர் தைப்பாள், அடுத்தவள் அதை வாங்கிப் பசை தடவுவாள். சோறு ஒரே மேசையில். மேற்பார்வையாளர் திட்டுவதும் எல்லோரையும் ஒன்றாகத்தான். என் அம்மா இருபது வருடத்துக்கு மேல் அப்படி வேலை பார்த்தவர். அவருடைய தோழி ஊருக்குள்ளிருந்து வருவார், கம்பெனியில் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். அந்தத் தோழி இறந்தபோது அம்மா ஊரின் சுடுகாட்டுக்குப் பக்கத்தில் போகவில்லை, ரோட்டோடு நின்றுவிட்டு வந்தார். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை என்பது ஒரு காரணம். "போனாலும் அது நம்மது இல்லடா" என்றார், அது இன்னொரு காரணம். உழைக்கிற இடத்தை முதலாளியின் லாபம் பொதுவாக்கிவிட்டது. புதைக்கிற இடத்தைப் பொதுவாக்க அரசாங்கத்துக்கே மனம் வரவில்லை.

கிணற்றின் கதை வேறு மாதிரி. பொதுக் கிணற்றில் எல்லோரும் தண்ணீர் எடுக்கலாம் என்று தாத்தா கேட்டு வாங்கினார். அதற்குப் பிறகு வந்த தோல் கழிவு எங்கள் வட்டாரத்தின் கிணறுகளையே எடுத்துக்கொண்டது. தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனதை, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றமே பதிவு செய்தது. 2025 ஜனவரியில் பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஊர்க்காரர்கள் ஆழ்துளைக் கிணற்றுக்கும் கேன் தண்ணீருக்கும் போய்விட்டார்கள். கையில் காசு இல்லாத காலனி, லாரி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறது. பொது என்ற ஒன்றை மெல்ல மெல்ல ஒழித்துவிட்டால் சமத்துவம் கேட்க இடமே இருக்காது.

தனிச் சுடுகாட்டையும் அப்படித்தான் பார்க்கிறேன். ஒதுக்கிக் கொடுத்ததும் அந்தக் குடும்பங்களுக்கு நிம்மதி வந்திருக்கும், அதை நான் குறை சொல்லவில்லை. பிணத்தை வைத்துக்கொண்டு யாரால் தத்துவம் பேச முடியும்? அழுதுகொண்டிருக்கிற குடும்பத்துக்கு அன்றைக்கு ஒரு குழி வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த நெருக்கடியை அரசு தனக்கு வசதியாகப் பயன்படுத்திக்கொள்கிறது. மறித்தவன் மேல் கை வைத்தால் ஓட்டுப் போகும், பதற்றம் வரும், சமாதானக் கூட்டம் போட வேண்டும். புறம்போக்கில் அரை ஏக்கர் அளந்து கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது. வேலி அப்படியே நிற்கும். நாளைக்கு அதே வேலி பள்ளிக்கூடம் போகிற பிள்ளையையும் மறிக்கும், அப்போது தனிப் பள்ளிக்கூடமா கேட்பது?

தமிழ்நாடு அரசிடம் ஒரு திட்டம் இருக்கிறது. சாதி வேறுபாடு இல்லாத மயானம் உள்ள முன்மாதிரிச் சிற்றூர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை. நல்ல எண்ணத்தில் வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனாலும் குற்றம் செய்யாமல் இருப்பதற்குப் பரிசு கொடுக்கிற ஒரே இடம் சாதிதான் போலிருக்கிறது. திருடாத தெருவுக்கு யாராவது பத்து லட்சம் கொடுப்பார்களா?

சரி, நாம் என்ன செய்வது என்று கேட்பீர்கள். தாத்தாவின் வழி சலிப்பூட்டுகிற வழி. கவிதை கிடையாது, காணொளியும் கிடையாது. உங்கள் காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற பாதையை ஒரு நாள் முழுக்க நடந்து பாருங்கள். எங்கே வேலி, எங்கே உழவு ஏறிப் பாதை ஒற்றையடியாகச் சுருங்கியிருக்கிறது, எந்த இடத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்பட வரைபடமும் 'அ' பதிவேடும் கேளுங்கள். இன்றைக்குத் தனியார் பட்டா நிலம் என்று சொல்லப்படுகிற பல இடங்களில் பழைய ஆவணத்தில் வண்டிப்பாதையோ நடைபாதையோ இருக்கும். கொடுக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கிடைத்ததை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

நீங்கள் மட்டும் போகாதீர்கள். 3,412 பேர் என்றால் 3,412 வீட்டுக் கதவு. பாட்டிகளிடம் கேளுங்கள், அந்தக் காலத்தில் பிணம் எந்த வழியாகப் போனது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதிக் கையெழுத்தோ ரேகையோ வாங்குங்கள். ஷூ கம்பெனியில் அம்மாவோடு ஒரே டப்பாவில் சாப்பிட்ட ஊர்ப் பெண்ணின் பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களிடமும் கையெழுத்துக் கேளுங்கள். போடுவார்களா, மாட்டார்களா என்பது நமக்கும் தெரிய வேண்டும், அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

மனுவில் தனி இடம் கேட்காதீர்கள். "எங்களுக்குச் சுடுகாடு ஒதுக்கித் தாருங்கள்" என்ற அந்த ஒற்றை வரி, தாத்தா வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற வரி. "இருக்கிற மயானத்தை எல்லாருக்கும் பொதுவென்று அறிவித்து, பாதையை அளந்து கல் நட வேண்டும்" என்று எழுதுங்கள். கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் கூடுகிறது. தீர்மானமாக வைக்கச் சொல்லுங்கள். நிறைவேறாமல் போனால், யார் எதிர்த்தார்கள் என்பதோடு சேர்த்துப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று அங்கேயே நின்று கேளுங்கள்.